நடமாடும் வீடும் எரிபொருட் செலவும்

(ஈஜிபுராவில் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழா மேடையிலே பெட்ரோலையும் டீசலையும் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் நம் ஈஜிபுராத் தமிழ்க் குடும்பங்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தவர்கள் நம்மிலே பலர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் வேன் அமர்த்திக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்கோ, மேல்மருவத்தூருக்கோ, வேளாங்கண்ணிக்கோ புறப்படாத தெரு இங்கே இல்லை. அந்த வேனை ஓட்டுகிறவரும் பல வேளைகளில் நம்மவரே. வாடகை பேசும்போது ஒருவர் அண்ணன், மற்றவர் தம்பி. பயணம் முடிந்து டீசல் கணக்குப் பார்க்கும்போதோ இருவரும் அந்நியர். “பத்து கிலோமீட்டர் கொடுக்கும் என்றாயே, ஏழுதானே கொடுத்திருக்கிறது” என்று இவர் கேட்க, “நீங்கள் சொன்ன இடத்திலெல்லாம் நிறுத்தினேனே” என்று அவர் சொல்ல, சாமி கும்பிட்டுவிட்டு வந்த முகங்கள் சுருங்கிப் போகின்றன. ஏழுக்கும் பத்துக்கும் நடுவே அந்த எண்ணெய் எங்கே போயிற்று? அதைத் தேடிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

யாம் பொறியியல் கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயிலே பேரேட்டோடும் பட்டியலோடும் காலம் கழிக்கும் குமாஸ்தா. என்ஜினைப் பிரித்து மாட்ட எமக்குத் தெரியாது. கூட்டிக் கழிக்கத் தெரியும். ஆகவே யாம் சொல்லப்போவதும் கூட்டல் கழித்தலே.

முதலில் பெருந்தீனிக்கார வண்டி ஒன்றைப் பார்த்துவிடுவோம். அமெரிக்க நாட்டில் ‘மோட்டார் ஹோம்’ என்று ஒரு வகை வண்டி உண்டு. வீடே சக்கரத்தின் மேல் ஏறி அமர்ந்தாற்போல இருக்கும். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளிக்கும் அறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. பெரியவை எட்டு டன் எடைக்கும் குறையா. 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஃபோர்டு நிறுவனத்தாரின் பத்து சிலிண்டர் கொண்ட 6.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின் இவற்றிலே மிகுதியாகப் பொருத்தப்பட்டது. அதற்கு அடுத்து வந்தது எட்டு சிலிண்டர் உடைய 7.3 லிட்டர் என்ஜின். நம் தெருவில் நிற்கும் ஆல்டோ காரின் என்ஜின் முழுதாக ஒரு லிட்டர்கூட இல்லை என்பதை நினைத்தால் இதன் பருமன் விளங்கும். அந்நாட்டார் காலனுக்கு இத்தனை மைல் என்று கணக்கிடுவர். இவ்வண்டிகள் காலனுக்கு ஆறு முதல் பத்து மைல் ஓடினாலே உரிமையாளர் மகிழ்கிறார். அவர்களுடைய காலன் 3.785 லிட்டர். நம் கணக்கில் லிட்டருக்கு இரண்டரை முதல் நான்கேகால் கிலோமீட்டர். முந்நூறு லிட்டர் பிடிக்கும் தொட்டியோடு பல வண்டிகள் வருகின்றன. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான்.

அவ்வளவு பெரிய வண்டிக்கு ஏன் பெட்ரோல் என்று கேட்கலாம். பெட்ரோல் என்ஜின் விலை குறைவு, ஓசை குறைவு, அந்நாட்டில் பெட்ரோலும் மலிவு. ஆண்டில் சில வாரமே ஓடும் வண்டிக்கு அதிக விலை கொடுத்து டீசல் என்ஜின் வாங்குவானேன் என்பது அவர்கள் கணக்கு. அதையும் பிழை என்று சொல்வதற்கில்லை.

இனி, நமக்கெல்லாம் தெரிந்த ஓர் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் மின்சாரக் கட்டணச் சீட்டில் ‘யூனிட்’ என்று பார்க்கிறோமே, அதுதான். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்கு ஒப்பான ஆற்றல் அடங்கியிருக்கிறது. பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட். ஆனால் இவ்வளவும் சக்கரத்துக்கு வந்து சேர்வதில்லை. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே சூடாகப் போகிறது. மற்றொரு பகுதி ரேடியேட்டர் வழியே போகிறது. டீசல் என்ஜின் காற்றைப் பதினாறு பதினெட்டு மடங்கு அழுத்திப் பிடித்து எரிப்பதால் பத்து யூனிட்டில் மூன்றரையைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். பெட்ரோல் என்ஜினால் அத்தனை அழுத்தம் தாங்க இயலாது. அன்றியும், கால் மிதியை முழுதும் அழுத்தாத வேளைகளில் காற்று வரும் வழியையே பாதி மூடிக்கொண்டு மூச்சுத் திணற வேலை செய்வது அதன் இயல்பு. ஆகவே ஒன்பது யூனிட்டில் இரண்டேகால் தேறினால் பெரிது. இந்த மூன்றரையும் இரண்டேகாலும் நினைவில் இருக்கட்டும், பின்னால் வேண்டும்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் பெரிய வண்டிகள் பெட்ரோலில்தான் ஓடின. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைக் கொண்டு தொழில் தொடங்கி, யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்த்தார் என்பதை நாம் அறிவோம். இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. சென்னை மாகாணத்துப் பஸ்களின் முதுகிலே ஓர் உருளை அடுப்பு ஏறியது. அதிலே மரக்கரியைப் போட்டுக் காற்றுக் குறைவாக விட்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கும். அந்த வாயுவே என்ஜினுக்கு உணவாயிற்று. பெட்ரோலின் வலு அதற்கு இல்லை; மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வாயுவின் பெயரையும் மறவாதிருங்கள். அதை வேறோர் இடத்தில் மறுபடி சந்திக்கப் போகிறோம்.

1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றி 1955-இல் அசோக் லேலண்டாக மாறிற்று. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனத்தார் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவோடு லாரி செய்யத் தொடங்கினர். டீசல் வண்டி வந்தபின் நம் பெரிய வண்டிகள் பெட்ரோலைக் கைவிட்டன. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய்க்குக் கட்டுப்பாடு விதித்து, விலை நான்கு மடங்காக ஏறியபோது அமெரிக்கா தவித்த தவிப்பு பெரிது. 1974 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர், என்று வேக வரம்புச் சட்டமே பிறந்தது. இங்கே வாஜ்பாயி அவர்கள் பெட்ரோல் விலையேற்றத்தைக் கண்டித்து 1973 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் போய் இறங்கினார்.

வேகத்துக்கு ஏன் சட்டம் வந்தது? இங்குதான் எம் கணக்கு தொடங்குகிறது.

ஓடும் வண்டியைப் பின்னுக்கு இழுப்பவர் இருவர். ஒருவர் டயர், மற்றவர் காற்று. ரயிலில் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் உருளுவதால் ஒரு டன் எடையை நகர்த்த இரண்டு கிலோ இழுப்பே போதும். டயரில் அதற்குப் பத்துக் கிலோ வேண்டும். அது ரப்பரின் பிறவிக் குணம். ஆகவே எட்டு டன் வீட்டு வண்டியை டயர் பின்னிழுப்பது 80 கிலோ. வேகம் கூடினாலும் இது பெரிதும் மாறுவதில்லை. காற்றின் செய்தி வேறு. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். சுவர் போன்ற முகப்புடைய அந்த வண்டிக்கு மணிக்கு 60 கிலோமீட்டரில் காற்றுத் தடை ஏறத்தாழ 87 கிலோ. 80-இல் 154 கிலோ. 100-இல் 240 கிலோ. டயரையும் கூட்டிப் பாருங்கள். 60-இல் 167. 100-இல் 320. ஊர் அதே ஊர், வண்டி அதே வண்டி. நாற்பது கிலோமீட்டர் வேகம் கூட்டியதற்கு ஏறத்தாழ இரு மடங்கு இழுப்பு. பெட்ரோலின் இரண்டேகால் யூனிட்டைக் கொண்டு வகுத்தால் 60-இல் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், 100-இல் இரண்டரையாகவும் வருகிறது. அமெரிக்கர் தம் வண்டியைப் பற்றிச் சொல்லும் எண்ணோடு எம் காகிதக் கணக்கு ஒத்துப் போனதைக் கண்டு யாமே சற்று வியந்தோம்.

அந்நாட்டிலேயே இதை உணர்ந்து செய்த வண்டி ஒன்று உண்டு. 1973-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஜி.எம்.சி. வீட்டு வண்டி. முகப்பு சரிவாக, தளம் தாழ்வாக, உடல் அலுமினியத்தாலும் கண்ணாடியிழையாலும் ஆனது. முன் சக்கரங்களே இழுக்குமாறு அமைத்ததால் தளத்துக்கு அடியில் ஓடும் தண்டே அதற்கு இல்லை. அழகிய வண்டி. ஆயினும் எண்ணெய் முடை வந்த ஆண்டிலே பிறந்து 1978-இல் நின்றுவிட்டது.

இவ்வளவு நேரம் அமெரிக்காவைச் சுற்றி வந்தோம். இனி ஈஜிபுராவுக்கு வருவோம். நமக்கு வீட்டு வண்டி இல்லையா? உண்டு. கூண்டு கட்டிய மாட்டு வண்டியிலே கட்டுச்சோறும் பாயும் வைத்துக்கொண்டு மூன்று நாள் திருவிழாவுக்குப் போன நம் முன்னோர் அதைத்தான் செய்தனர். இன்று டெம்போ டிராவலர் வேனின் கூரையிலே அண்டா, குண்டான், விறகடுப்பு, அரிசி மூட்டை, ஜமுக்காளம் அத்தனையும் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டுகிறோமே, அது வீட்டு வண்டியன்றி வேறென்ன? அடுப்பும் படுக்கையும் கூரைக்கு மேலே இருக்கின்றன, அவ்வளவே வேற்றுமை. கேரள அரசு 2021-இல் ‘கேரவன் கேரளம்’ என்று சுற்றுலாத் திட்டம் அறிவித்த பிறகு அசல் வீட்டு வண்டிகளும் தென்னாட்டுச் சாலைகளில் கண்ணில் படத் தொடங்கின. அவை டீசல் வேனின் மேல் கட்டப்படுபவையே.

கூரை மூட்டையைப் பற்றி ஓட்டுநர் தம்பிமார் சொல்வது ஒன்று, குடும்பத்தார் சொல்வது ஒன்று. “எடைதானே, நூறு கிலோவுக்கு என்ன வந்துவிடும்” என்பர் குடும்பத்தார். எடையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே. ஐந்து டன் வண்டியில் நூறு கிலோ பெரிதல்ல. ஆனால் அந்த மூட்டை ஓர் அடி உயர்ந்து காற்றின் முன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறதே, அதற்குத்தான் எண்ணெய் செலவாகிறது. மூட்டையைத் தலையில் ஏற்றாதீர்கள். இருக்கைக்கு அடியில் வையுங்கள். அரிசியைப் போகும் ஊரில் வாங்கலாம். அரிசி விளையாத ஊருக்கா போகிறோம்?

சமையல் எரிவாயு உருளையை மட்டும் எங்கேயும் ஏற்றாதீர்கள். 2023 ஆகஸ்டு 26-ஆம் நாள் மதுரை நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதிக்கு மாறாகக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது யாத்திரிகர் மாண்டனர். ரயில்வேக்காரராகிய எமக்கு அந்தச் செய்தி இன்னும் நெஞ்சில் சுடுகிறது.

காற்றுக்கு அடுத்தபடி எண்ணெய் குடிப்பது நிறுத்தமும் புறப்பாடும். ஐந்து டன் வண்டியை நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர டீசல் ஏறத்தாழ 40 மில்லிலிட்டர் வேண்டும். பெட்ரோல் என்றால் 60. பெங்களூரில் நாம் ‘பை டூ’ என்று பங்கிட்டுக் குடிக்கிறோமே, அந்தக் காப்பிக் கோப்பையின் அளவு. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்தவுடன் அந்தக் கோப்பை சூடாகிக் காற்றில் போகிறது. இருபத்தைந்து முறை நின்று புறப்பட்டால் ஒரு லிட்டர் டீசல் தீர்ந்தது. சோனி வேர்ல்டு சந்திப்பிலிருந்து சில்க் போர்டு கடந்து ஓசூர் சாலையைப் பிடிப்பதற்குள் மாலை நேரத்தில் எத்தனை கோப்பை என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நம் ஈஜிபுரா மேம்பாலப் பணி 2017-இல் தொடங்கி, 2022-இல் ஒப்பந்தம் ரத்தாகி, தூண்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்ற காலத்தில் இந்தப் பகுதியின் வண்டிகள் குடித்த வீண் எண்ணெய்க்குக் கணக்கு எழுதினவர் இல்லை. எழுதியிருந்தால் அந்தப் பணத்தில் பாலத்தின் ஒரு பகுதியையாவது கட்டியிருக்கலாம் என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

ஆகவே விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்படுகிற வேனும் ஏழரைக்குப் புறப்படுகிற வேனும் ஒரே வேன் அல்ல. நான்கு மணி வண்டி 2010-இல் திறந்த எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் நிற்காமல் ஏறி, அத்திப்பள்ளியைத் தாண்டி, ஓசூரில் காப்பி குடிக்கும். ஏழரை மணி வண்டி அதே நேரக் கணக்கில் பொம்மனஹள்ளியில் நிற்கும். ஓட்டுநரின் கெட்டிக்காரத்தனம் இதில் ஒன்றும் இல்லை. “அத்தை இன்னும் தலை வாரவில்லை” என்று நாம் நிறுத்தி வைக்கும் அரை மணியில்தான் லிட்டர் கணக்கு தீர்மானமாகிறது.

இன்னொன்று, நம் மக்கள் பலரும் கவனியாதது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஊருக்குப் போவது இறக்கம். திரும்பி வருவது ஏற்றம். ஐந்து டன் வண்டியை 640 மீட்டர் தூக்கி வைக்க வேண்டுமானால் சக்கரத்திலே 8.7 யூனிட் ஆற்றல் வேண்டும். மூன்றரையால் வகுத்தால் இரண்டரை லிட்டர் டீசல். பெட்ரோல் என்ஜினாயின் ஏறத்தாழ நான்கு லிட்டர். போகும்போது பதினொன்று கொடுத்த வண்டி வரும்போது எட்டரை கொடுத்தால் ஓட்டுநர் மேல் ஐயப்படுகிறோம். இதில் வஞ்சகம் ஏதும் இல்லை, தம்பிமார்களே, அண்ணன்மார்களே. மலையேறி வந்திருக்கிறோம்.

இந்த இறக்கத்திலே ஓர் ஆபத்தான பழக்கமும் உண்டு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர்க் கணவாயில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விடுவது. “டீசல் மிச்சம்” என்பது அவர்கள் சொல்லும் காரணம். பழைய வண்டியில் அதற்கு ஒரு சிறிது பொருள் இருந்திருக்கலாம். இக்கால என்ஜினிலே எண்ணெய் பாய்ச்சுவதை ஒரு மின்மூளை நடத்துகிறது. கியரில் வைத்துவிட்டு மிதியிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரமே என்ஜினைச் சுழற்றும். அப்போது எண்ணெய் ஒரு சொட்டும் பாயாது. நியூட்ரலில் போட்டாலோ என்ஜின் அணைந்து போகாமல் இருக்க எண்ணெய் குடித்தே ஆக வேண்டும். ஆக, நியூட்ரலில் உருட்டுகிறவர் உயிரையும் பணயம் வைத்து எண்ணெயையும் கூடுதலாகச் செலவிடுகிறார். 2020 டிசம்பரில் அதே தொப்பூரில் லாரி ஒன்று வரிசையாக நின்ற வண்டிகள் மீது மோதி உயிர்கள் போனதை நாம் படித்தோம். காரணம் எதுவாயினும், அந்த இறக்கம் எண்ணெய் சேமிக்கும் இடமன்று. என்ஜினை முழுதும் அணைப்பவர் செய்வது அதனினும் கேடு. பிரேக்கின் துணை வலுவே போய்விடும்.

அடுத்து, நின்றபடி குடிக்கும் எண்ணெய். கோயில் வாசலில் வண்டி நிற்கிறது. உள்ளே பாட்டி உறங்குகிறார். குழந்தை புழுக்கத்தில் அழுகிறது. ஏ.சி.யைப் போடு என்கிறோம். என்ஜின் நான்கு மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு லிட்டர்; நாற்பது கிலோமீட்டர் போகிற எண்ணெய். கிலோமீட்டர் முள் அசையவில்லை. இரவு கணக்குப் பார்க்கும்போது அந்த நான்கு லிட்டரை ஒருவரும் நினைப்பதில்லை. பத்தும் ஏழும் பிரிகிற இடம் பெரும்பாலும் இதுதான் என்பது எம் முடிவு.

எண்ணெயோடு இது நிற்பதாயிருந்தால் யாம் இவ்வளவு வற்புறுத்தோம். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வீட்டு வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்ந்தோர் கண்டனர். புகையிலே இருந்தது கார்பன் மோனாக்சைடு. போர்க்காலத்துப் பஸ்ஸை ஓட்டிய அதே வாயு. மணம் இல்லை, நிறம் இல்லை, இருமலும் வராது. இரத்தத்தில் உயிர்க்காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பற்றிக்கொண்டு உறக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வண்டிக்குள் ஆளை உறங்க வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்ஜினை ஓட விடாதீர்கள். ஓட்டுநர்க்கும் படுக்க ஓர் இடம் பாருங்கள். சத்திரத்தில் நமக்கு நான்கு அறை எடுக்கிறோம்; இரவெல்லாம் நம் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டியவர் ஸ்டியரிங்கின் மேல் தலை வைத்து உறங்குகிறார். ஓர் அறைக்கு ஆகும் வாடகை, ஏ.சி.க்கு எரியும் டீசலைவிட அதிகமாக இராது.

மைலேஜைக் கூட்டித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரை, காந்தம், சொட்டு மருந்து முதலியவற்றைப் பற்றி இரண்டு சொல் போதும். 1996-இல் இராசபாளையத்துப் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை என்பார் மூலிகையால் பெட்ரோல் செய்வதாகச் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அன்று ஏமாந்தவர் பலர் நம்மைவிடப் படித்தவர்கள். டயரில் காற்றுச் சரியாக இருப்பதும், காற்று வடிகட்டி தூசு இல்லாமல் இருப்பதும் செய்கிற வேலையை எந்த மாத்திரையும் செய்யாது. 1978-இல் மத்திய அரசு அமைத்த பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கத்தார் பல்லாண்டாகச் சொல்லி வருவதும் இவைதாம். வேகம் 45 முதல் 55 கிலோமீட்டர் என்பது அவர்கள் வாக்கு. நான்கு வழிச் சாலையில் 55 என்றால் பின்னால் வருகிறவர் ஏசுவார் என்பது எமக்கும் தெரியும். 70 என்று வைத்துக்கொள்வோம், 100 வேண்டாம்.

ரயில்வேயில் எண்ணெய்க் கணக்கு எழுதும் முறை வேறு. வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்று நாங்கள் கேட்பதில்லை. ஆயிரம் டன் எடையை ஒரு கிலோமீட்டர் இழுக்க எத்தனை லிட்டர் ஆயிற்று என்று கேட்போம். சுமையைச் சொல்லாமல் எண்ணெயைச் சொல்வது அரைக் கணக்கு. இதே கேள்வியை நம் பயணத்துக்கும் போட்டுப் பாருங்கள். கணவனும் மனைவியும் மட்டும் போகும் அமெரிக்க வீட்டு வண்டி லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் என்றால், இருவர்க்கும் சேர்த்து ஆறு ஆள்-கிலோமீட்டர். பன்னிரண்டு பேர் போகும் வேன் லிட்டருக்குப் பத்து கொடுத்தால் நூற்றிருபது. இருவர் ஏறிய ஸ்கூட்டர் நாற்பத்தைந்து கொடுத்தால் தொண்ணூறு. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. ஐம்பது பேர் அமர்ந்தால் இருநூற்றைம்பதைத் தாண்டும். பெரிய வண்டி பெருந்தீனி என்பது பாதி உண்மை. காலியாகப் போகிற பெரிய வண்டியே பெருந்தீனி. அதனால்தான் பன்னிரண்டு பேர்க்கு இரண்டு கார் அமர்த்துவதைவிட ஒரு வேன் அமர்த்துவது நல்லது என்கிறோம். மூன்று இருக்கை காலியாக வேன் புறப்படுகிறதா, பக்கத்துத் தெருவில் கேட்டுப் பாருங்கள். ஆள் கிடைப்பார்.

இனிக் கணக்கு எழுதும் முறை. வண்டியின் முன்பலகையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டுவதில்லை. புறப்படுமுன் நம் பகுதியிலுள்ள ஒரு பங்கில் தொட்டியை நிரப்புங்கள். குழாய் தானே நின்றவுடன் நிறுத்திவிடுங்கள். கிலோமீட்டரைக் குறியுங்கள். திரும்பி வந்ததும் அதே பங்கில், அதே குழாயில், அதே போல நிரப்புங்கள். வழியில் போட்டதையும் கூட்டுங்கள். மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் வருவதே உண்மை. ஒரு முறை நிரப்பியதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐந்து பயணத்துக் கணக்கு சேர்ந்தால்தான் வண்டியின் குணம் தெரியும்.

வாடகை பேசுகிற முறையையும் சற்று மாற்ற வேண்டும் என்பது எம் கருத்து. கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிப் பேசுவதால்தான் நின்ற வண்டியின் டீசல் ஓட்டுநர் தலையில் விழுகிறது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிற்று. 2017 ஜூன் முதல் விலையை நாள்தோறும் மாற்றும் முறையும் வந்தது. மாதம் முன்னே பேசிய வாடகை மாதம் கழித்துப் பொருந்துமா? வண்டிக்கும் ஆளுக்கும் இவ்வளவு என்று தனியாகவும், டீசல் நிரப்பிய சீட்டுப்படி தனியாகவும் பேசினால் சண்டைக்கு இடமில்லை. நிறுத்தி வைத்து ஏ.சி. போடச் சொன்னவர் அதன் செலவை அறிவார். கடன் கட்டி வேன் வாங்கிய தம்பிக்கு மாதத் தவணை தப்பாது.

செயற்குழு இசைந்திருப்பதால் ஒரு செய்தி சொல்லி அமைகிறோம். வரும் தைப் பொங்கலை ஒட்டிச் சங்கம் நடத்தும் சுற்றுலாவுக்கு அமர்த்தும் வண்டியில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்கும். ஆறு பத்தி இருக்கும்: கிலோமீட்டர், லிட்டர், விலை, ஏறிய ஆட்கள், நின்ற மணி, ஏ.சி. ஓடிய மணி. பள்ளிப் பிள்ளைகள் முறை வைத்து எழுதுவார்கள். கூரையில் மூட்டை கிடையாது. புறப்பாடு விடியற்காலை நான்கு மணி. அந்த நோட்டின் கணக்கை அடுத்த ஆண்டு மலரில் உள்ளது உள்ளபடி அச்சிடுவோம்.